பழைய என்லார்ஜரும் ஆன்சல் ஆடம்ஸும்

வீட்டு டார்க்ரூமுக்குப் பழைய என்லார்ஜர் தேடிக்கொண்டிருந்தபோது ஆன்சல் ஆடம்ஸின் 'தி பிரின்ட்' (1983) புத்தகத்தை மறுபடி எடுத்தேன். எதை வாங்கலாம் என்று சொல்லும் கையேடு இல்லை அது. ஆனா பலரும் அப்படித்தான் வாசிக்கிறாங்க, நானும்தான். ஒளியைப் பற்றி அது சொல்வதில் பாதிக்கு மேல் அப்படியே நிற்கிறது. பழைய மெஷினைப் பார்த்து வாங்குகிற வேலைக்கு ரொம்பக் குறைவாகத்தான் உதவுகிறது.

விற்பவர்கள் டர்ஸ்ட், ஒமேகா, லைட்ஸ் என்று பெயரைத்தான் பெரிசா சொல்வார்கள். ஆடம்ஸ் பார்ப்பது பெயரை இல்லை, தலைக்குள் இருக்கும் வெளிச்சத்தை. கண்டென்சர் லென்ஸ் வழியாக நேர்க்கதிராக வரும் ஒளியை நெகட்டிவில் உள்ள வெள்ளித் துகள்கள் சிதறடிக்கும். அடர்த்தியான இடத்தில் சிதறல் அதிகம், அதனால் பிரின்டில் கான்ட்ராஸ்ட் ஏறும். இதற்குக் காலியர் விளைவு என்று பெயர். பால்கண்ணாடி வழியாகப் பரவி வருகிற ஒளியில் இது மிகக் குறைவு. ஆடம்ஸின் விருப்பமும் பரவிய ஒளிதான்.

இதில் கான்ட்ராஸ்ட் எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. காகிதத்தின் கிரேடை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கீறலுக்குத்தான் கிரேடு கிடையாது. நான் பிரின்ட் போட நினைத்தது அப்பா எடுத்த படங்கள், வருஷக்கணக்கா ஒரு டப்பாவில் ஒன்றோடொன்று உரசிக் கிடந்த நெகட்டிவ்கள். நண்பரின் கண்டென்சர் என்லார்ஜரில் போட்டுப் பார்த்தபோது பாட்டி முகத்துக்குக் குறுக்கே வெள்ளைக் கோடு பளிச்சென்று விழுந்தது. ஆடம்ஸ் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆனால் அவர் பேசுவது எந்த அறையிலிருந்து என்பதையும் பார்க்கணும். தண்டவாளத்தில் நகரும் கிடைமட்ட என்லார்ஜர், 8x10 அங்குல நெகட்டிவ், பின்னால் தனித்தனியாக அணைத்து ஏற்றக்கூடிய 36 விளக்குகள். 1941இல் எடுத்த 'மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ்' படத்தின் வானத்தைப் பல ஆண்டுகளாகக் கறுப்பாக்கிக்கொண்டே போனவர் அவர். பரணிலிருந்து இறங்கி வந்த மெஷினோடு மல்லுக்கட்டுகிறவனின் கவலைகள் வேறு.

நான் கடைசியில் வாங்கியது கலர் ஹெட் உள்ள ஒன்று. பரவிய ஒளி, மஞ்சள், மெஜென்டா ஃபில்டர்களை வைத்து மல்டிகிரேடு காகிதத்தின் கான்ட்ராஸ்டையும் மாற்றலாம். விற்றவர் லென்ஸை எஃப் 11க்கு மூடி வைத்துக் காட்டினார், நாலு மூலையும் கூர்மையா இருந்தது. வீட்டில் முழுசாகத் திறந்தால் வலது பக்கம் மசமசன்னு இருக்கு. லென்ஸைத்தான் சந்தேகப்பட்டேன். அதைக் கழற்றி அரைச்சுற்று திருப்பி மாட்டியும் மசமசப்பு அதே வலது பக்கத்தில்தான். தலை சாய்ந்திருந்தது. ஒரு ஸ்பிரிட் லெவல், ஒரு திருகு, ஒரு மாலைப்பொழுது. நெகட்டிவ் கேரியர் கூடவே வந்தது அதிர்ஷ்டம். லென்ஸ் எங்கேயும் கிடைக்கும், தயாரிப்பு நின்றுபோன மாடலுக்குக் கேரியர் தேடிப் பாருங்க, தெரியும்.

பாட்டி முகத்தில் கோடு இன்னும் இருக்கு. உற்றுப் பார்த்தால்தான்.