வெட்கம் யாருக்கு?

கருக்கலைப்பைப் பற்றிச் சட்டம் வகுத்தோர் பேசினர், சமயத் தலைவர்கள் பேசினர், மருத்துவர்கள் பேசினர். குருதி சிந்திய பெண் மட்டும் பேசவில்லை. கதைகளிலே அவள் வந்தாள்: பாவியாக, பரிதாபத்துக்குரியவளாக, இறுதிப் பக்கத்தில் பிணமாக! பிழைத்தெழுந்து, பெயர் சொல்லிப் பேசுபவளாக வந்தாளா?

வந்தாள், பிரெஞ்சு நாட்டிலே. 2022-இல் நோபல் பரிசு பெற்ற ஆனி எர்னோ அம்மையார் 2000-இல் வெளியிட்ட ‘நிகழ்வு’ என்னும் நூல் அவருடைய சொந்த வரலாறு. 1963-இல் ரூவான் நகரில் 23 வயது மாணவியாக இருந்தபோது கருவுற்றார். கருக்கலைப்பு அன்று அங்கே குற்றம். மருத்துவர்கள் கைவிட்டனர். பின்னல் ஊசியைத் தாமே எடுத்தார், முடியவில்லை. பாரிசில் மறைவாகத் தொழில் செய்த ஒருத்தியிடம் சென்றார். உயிர் ஊசலாட மருத்துவமனை சேர்ந்தார். கண்ணீரை இரந்து நிற்கும் சொல் ஒன்றும் நூலில் இல்லை. நடந்தது நடந்தபடி நிற்கிறது. அதுவே அதன் வலிமை.

“சட்டம்தான் 1975-இலேயே மாறிவிட்டதே, பிறகு எதற்கு இந்தப் பழங்கதை?” என்பர் சிலர். எண்ணிப் பாருங்கள்! இதே அம்மையார் 1974-இல் தம் முதல் புதினத்திலும் கருக்கலைப்பை எழுதினார். ஆனால் கற்பனைப் பெண்ணொருத்தியின் பெயரில். ‘நான்’ என எழுதிய நூல் வர மேலும் 26 ஆண்டுகள் ஆயின. சட்டம் சிறைக்கதவைத் திறக்கும்; வெட்கத்தின் பூட்டைத் திறப்பது சொல்தான்.

அச்சொல்லுக்கு முன்னோடியும் உண்டு. 1971 ஏப்ரல் 5 அன்று, தாங்களும் கருக்கலைத்தவர்களே என 343 பெண்கள் வார இதழொன்றில் கையொப்பமிட்டு அறிவித்தனர். சிமோன் தெ போவார் எழுதிய அறிக்கை அது. புகழ்பெற்ற பெயர்கள்மீது வழக்குப் பாயவில்லை. மறு ஆண்டு பொபிஞி நீதிமன்றத்தில் நின்றது யார்? 16 வயதில் வன்கொடுமைக்கு ஆளாகிக் கருக்கலைத்த ஏழைச் சிறுமி! கையொப்பமிட்டோருள் ஒருவரான வழக்கறிஞர் ஜிசேல் அலிமி வாதாடி அவளை விடுவித்தார்.

இந்த ஏற்றத்தாழ்வை எர்னோவின் நூல் மறைக்கவில்லை. மருத்துவமனையில் இளம் மருத்துவன் அவரை இழிவாகப் பேசுகிறான். அவர் கல்லூரி மாணவி, தன் இனத்தவள் என்று முன்பே தெரிந்திருந்தால் அப்படிப் பேசியிரான் என்பது பின்னர் வெளிப்படுகிறது. அப்படியானால் ஆலைத் தொழிலாளியை மட்டும் ஏசலாமா? நூலின் கூர்மை இங்கேதான் இருக்கிறது.

2021-இல் இந்நூலை ஆத்ரே தீவான் படமாக்கி, வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வென்றார். 2024 மார்ச் 4 அன்று கருக்கலைப்பு உரிமையை அரசியலமைப்பில் பொறிக்க 780 பேர் வாக்களித்தனர்; எதிர்த்தோர் 72.

எந்தப் பெண்ணையும் பேசென்று வற்புறுத்த எவருக்கும் உரிமையில்லை. பேச முன்வந்தவளின் வாயை அடைக்கவும் உரிமையில்லை. எழுதத் தெரிந்தவள் எழுதிவிட்டாள். எழுதத் தெரியாதவளின் கதைக்குச் செவிகொடுப்போர் எத்தனை பேர்? வெட்கப்பட வேண்டியவர்கள் விடை சொல்லட்டும்!