தலை விழுந்த பிறகும் கதை

தேவர்களும் அரச குலத்தாரும் ஆண் பெண் வரம்பைத் தாண்டிக் காதலிக்கும் மாயக் கதைகளை ஆசையோடு படிக்கும் நெய்வேலி வாசகருக்கு, அந்த வகையின் பழைய கதை ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. உளுந்தூர்பேட்டை அருகே, கூவாகத்தில்.

அரவான், அர்ச்சுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்த இளவரசன். பாரதப் போரில் வெற்றி கிடைக்கத் தன்னையே களப்பலியாகத் தரச் சம்மதித்தவனின் கடைசி ஆசை கல்யாணம். மறுநாள் சாகப்போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கண்ணனே மோகினியாகி மாலையிடுகிறான். பலி முடிந்ததும் கைம்பெண்ணாகக் கதறுகிறான். வடமொழிப் பாரதத்தில் இந்தத் திருமணம் கிடையாது. அங்கே அரவான் 8ஆம் நாள் போரில் வீழ்கிறான், அவ்வளவுதான். காதலைச் சேர்த்தது நம் ஊர் மக்களின் கற்பனை. எவ்வளவு பெரிய மனசு அது!

இதற்கு இரண்டாம் பாகமும் உண்டு: வெட்டுண்ட தலை கண்மூடாமல் 18 நாள் போரையும் பார்க்கிறது.

கூவாகத்தில் அரவான்தான் கூத்தாண்டவர். சித்திரைத் திருவிழாவில் திருநங்கைகள் அவர் கோயிலில் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் அதை அறுத்து, வெள்ளைப் புடவை உடுத்துகிறார்கள். கேட்டவர்களே கதைக்குள் புகுந்துவிடும் இந்த அனுபவத்தை எந்த அச்சுப் புத்தகமும் தந்துவிட முடியாது.

ஆனாலும் புத்தகங்கள் வேண்டும். திருநங்கையர் வாழ்வைச் சு. சமுத்திரம் ‘வாடாமல்லி’ நாவலாக்கினார். லிவிங் ஸ்மைல் வித்யா ‘நான், வித்யா’வில் தன் வாழ்வைத் தானே எழுதினார். அடுத்த நெய்வேலி புத்தகக் கண்காட்சியில் இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.