சிறைக் கடிதமும் வகுப்பறையும்

ஐக்கிய அமெரிக்கக் கல்லூரிகளின் கட்டுரைப் பயிற்சி வகுப்புகளில், மாட்டின் லூதர் கிங் 1963 ஏப்ரலில் பேர்மிங்காம் சிறையிலிருந்து வரைந்த கடிதம் நெடுங்காலமாகப் பாடமாக இருந்து வருகின்றது. வாதத்திறனுக்கு அதனை விஞ்சும் மாதிரி அரிதே. ஆயின் அது பெரும்பாலும் கற்பிக்கப்படும் முறை ஆட்சேபத்துக்குரியது. பேசுவோன் பண்பு, கேட்போர் உணர்ச்சி, தருக்கம் என அரிஸ்டோட்டில் வகுத்த மூன்றையும் வரிதோறும் அடையாளமிடுவதோடு பயிற்சி நின்றுவிடுகின்றது. இம்மூன்றும் விளம்பரகாரனுக்கும் கைவந்தவையே!

கடிதத்தின் உயிர்நிலை வேறிடத்தில் உள்ளது. தம்மைக் கண்டித்த எட்டு வெள்ளை மதகுருமாரையும் கிங் சக குருமாராகவே விளிக்கின்றார். பாடசாலைகளில் இனப்பிரிவினையை ஒழிக்கும் 1954ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பணியுமாறு கோருவோர் தாமே சட்டத்தை மீறலாமா? தமக்குப் பெரிதும் பாதகமான இவ்வினாவை அவரே எழுப்புகின்றார். நீதியான சட்டம், அநீதியான சட்டம் எனப் பிரித்துக் காட்டித் தப்பிவிடவுமில்லை. அநீதியான சட்டத்தை மீறுவோன் வெளிப்படையாக மீறி, அதற்குரிய தண்டனையையும் மனமுவந்து ஏற்கவேண்டும் என்கின்றார். நீதிமன்றத் தடையுத்தரவை மீறி ஊர்வலம் சென்று சிறைப்பட்டவரின் கூற்று இது. அடையாளமிடப் பழகிய மாணவனோ இவ்விடத்தின் ஓரத்தில் ‘தருக்கம்’ என்று குறித்துவிட்டு அடுத்த பந்திக்குச் செல்கின்றான்.