மலைநாட்டுப் பயண நூல்களில் லிந்துலை: ஒரு திறனாய்வு நோக்கு

அட்டனிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் பெருவீதியில், தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் இடையே அமைந்துள்ளது லிந்துலை. அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டங்களுக்குச் செல்வோரும் இதனூடாகவே செல்வர். உள்ளூராட்சியில் இதன் பெயர் தலவாக்கலையோடு இணைந்து ஒரு நகரசபையின் பெயராக வழங்குகின்றது. ஆயின் மலைநாட்டைப் பயணிகளுக்கு அறிமுகஞ் செய்யும் நூல்களிற் பெரும்பாலானவை இவ்வூரைக் கடந்து செல்லும் வழியாக மட்டுமே கொள்கின்றன. சென்கிளேயர் நீர்வீழ்ச்சியையும் டெவன் நீர்வீழ்ச்சியையும் காட்டிய கையோடு அவை நுவரெலியாவின் குதிரைப் பந்தயத் திடலுக்குத் தாவிவிடுகின்றன. ஊரொன்று விடுபட்டதென்ற குறையை எழுப்புவது எமது நோக்கமன்று. ஒரு நிலப்பகுதியின் வரலாற்றையும் பண்பாட்டையும் கூறுவதாக முன்வரும் எழுத்து, அந்நிலத்தில் எதனைக் காண வாசகனைப் பழக்குகின்றது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

இப்பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1848இல் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர், ஆங்கிலக் கிராமமொன்றை அங்கு உருவாக்க முயன்றார். இங்கிலாந்திலிருந்து கால்நடைகளையும் கருவிகளையும் தொழிலறிந்த ஆட்களையும் வருவித்தார். அவரது இலங்கை அனுபவங்களைக் கூறும் நூல் 1855இல் வெளியாயிற்று. அவர் கண்ட மலைநாடு வேட்டைக்காடாகவும் பண்ணைநிலமாகவும் காட்சியளிப்பது. பின்வந்தோர் இம்முயற்சியின் எச்சத்தைப் பிடித்துக்கொண்டு நுவரெலியாவை ‘குட்டி இங்கிலாந்து’ என்றனர். இத்தொடரை இன்று தமிழில் வெளிவரும் சுற்றுலாக் கையேடுகளும் கூச்சமின்றி எடுத்தாள்கின்றன. ஆங்கிலேயனுக்குத் தாயகத்தை நினைவூட்டிய ஒப்புமை, தமிழ் வாசகனுக்கு எதனை நினைவூட்டும் என்று அவற்றை எழுதுவோர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பேக்கரிலும் செல்வாக்கு மிக்கவர் ஹென்றி கேவ். கொழும்பிற் புத்தக வாணிபமும் பதிப்பும் நடத்திய இவர், தேயிலைத் தொழில் பற்றி 1900இல் ஒரு நூலையும், 1908இல் இலங்கை பற்றிய பெருநூலையும், 1910இல் இலங்கை அரசாங்கப் புகையிரதப் பாதைக்கான விளக்கக் கைந்நூலையும் வெளியிட்டார். நானுஓயா வரை புகையிரதம் 1885இல் வந்துசேர்ந்தது. புகையிரதப் பாதையோடு ஒட்டி எழுதும்போது நாடு சாளரத்துக்கு வெளியே நகரும் காட்சியாகிவிடுகின்றது. கேவின் உழைப்பையும் அவர் தந்த நிழற்படங்களின் பெறுமதியையும் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அக்காலத் தோட்ட வாழ்க்கையை அறிய விழைவோர் அப்படங்களைத் தேடியே ஆகவேண்டும். அவரது நூல்களில் தொழிலாளரும் இடம்பெறுகின்றனர். எனினும் கொழுந்து கிள்ளல், வாட்டல், அரைத்தல் என விரியும் உற்பத்தி முறையின் ஒரு கட்டமாகவே அவர்கள் தோன்றுகின்றனர். அவர்கள் எங்கிருந்து வந்தனர், எதனைக் கொண்டுவந்தனர், தாம் வாழும் இடத்தை எப்பெயரிட்டு அழைத்தனர் என்பன வினாக்களாகவே எழவில்லை.

பெயர்களை எடுத்துக்கொள்வோம். லிந்துலையையும் தலவாக்கலையையும் சூழ்ந்துள்ள தோட்டங்களின் பெயர்களை வரிசைப்படுத்திப் பார்ப்பவருக்கு அவை மூன்று படைகளாகத் தோன்றும். தலவாக்கலை, பம்பரகலை, லிப்பகலை, தங்கக்கலை என்பன ஒரு படை. இவற்றில் ஈற்றில் நிற்கும் ‘கலை’ தமிழ்ச் சொல்லன்று. காட்டைக் குறிக்கும் ‘கெலே’ என்னும் சிங்களச் சொல் தமிழ் நாவிற் புகுந்து பெற்ற வடிவமே அது. ‘தலாவ’ என்பது வெளி; ‘பம்பரா’ என்பது பெருந்தேனீ. கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் வெட்டி எரிக்கப்பட்ட காடுகள் இப்பெயர்களில் மட்டுமே எஞ்சியுள்ளன. மரமொன்றும் நில்லாத சரிவைப் பார்த்து நாள்தோறும் ‘காடு’ என்று அழைத்துவருகின்றோம் என்பதை அறியாமலே அழைக்கின்றோம். லோகி, டில்லிகூற்றி, ஹோலிரூட் முதலியன இரண்டாவது படை. டில்லிகூற்றி என்பது ஸ்கொத்லாந்தில் ஓகில் மலையடிவாரத்திலுள்ள ஊரின் பெயர். ஹோலிரூட் என்பது எடின்பரோ நகரத்து அரண்மனையின் பெயர். மலைகளை அளந்து வாங்கிய துரைமார் தம் ஊர்ப்பெயரைச் சூட்டி அவற்றைத் தமதாக்கிக்கொண்டனர்.

மூன்றாவது படை எந்த வரைபடத்திலும் இல்லை. மேற்கணக்கு, கீழ்க்கணக்கு, இத்தனையாம் நம்பர் மலை, மேட்டு லயம், பணிய லயம், பிரட்டுக்களம், காமன் பொட்டல் என்று தோட்டத்து மக்கள் தம் நிலத்தைப் பகுத்து வழங்கும் பெயர்கள் அவை. ‘மலை’ என்ற சொல்லே இங்குப் பொருள் மாறியுள்ளது. அது தேயிலை நடப்பட்டு இலக்கமிடப்பட்ட ஒரு கூறு. ஒருநாள் வேலையின் களம். குறிஞ்சித் திணைக்குரிய மலையைப் பாடநூலிற் கற்ற நாம் இப்பொருள் மாற்றத்தைக் கருத்தூன்றி ஆராயவில்லை. காமன் பொட்டலோ வேறு வகையானது. மாசி மாதத்தில் காமன் கம்பம் ஊன்றி, இரதியும் மன்மதனும் வீடுவீடாக ஆடிச் சென்று, ஈற்றிற் காமதகனத்தோடு முடியும் கூத்து அங்கு நிகழும். துரையின் ஏட்டில் வெற்றுத்தரையாக இருந்த இடம், மக்களுக்கு ஆண்டின் மையமாக அமைந்தது. பண்பாட்டுச் சுற்றுலா பற்றி எழுதுவோர் தேடுவது இத்தகைய இடத்தைத்தான். ஆயினும் அவர்கள் அதனைக் கடந்து தேயிலைத் தொழிற்சாலைக்குள் நுழைந்துவிடுகின்றனர்.

இக்குறையை ஈடுசெய்யும் எழுத்து இல்லாமலில்லை. அது பயண நூல் என்ற பெயரில் வரவில்லை என்பதே வேறுபாடு. தலவாக்கலைக்கு அண்மையிலுள்ள மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தெரிவானவர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டத் திருத்தமும் அவரைத் தெரிவுசெய்த மக்களின் வாக்கைப் பறித்தன. 1970இல் வெளிவந்த அவரது ‘போர்ன் டு லேபர்’ என்னும் ஆங்கில நூலில் தோட்டத்து மாந்தர் உரிய பெயரோடும் குணத்தோடும் நடமாடுகின்றனர். அந்நூலைப் படித்தபின் லயத்தைப் புறத்தேயிருந்து பார்ப்பது இயலாது. எனினும் ஆங்கிலத்தில், தோட்டத்துக்கு வெளியேயுள்ள வாசகரை முன்னிறுத்தி எழுதப்பட்டமையால், பல இடங்களில் விளக்கவுரை கதையை முந்திக்கொள்கின்றது என்பது எமது கருத்து. கோகிலம் சுப்பையா தம் நாவலுக்குத் ‘தூரத்துப் பச்சை’ என்று இட்ட பெயரோ மலைநாட்டுப் பயண இலக்கியம் முழுவதற்குமான விமர்சனமாக நிற்கின்றது. கண்ணுக்குக் குளிர்ச்சியான அப்பச்சையை நாடிக் கடல் கடந்தவர்களைப் பற்றிய நூல் அது. இன்றைய பயணியும் அதே பச்சையை நாடியே வருகின்றான்.

அண்மைக்காலத்தில் நிலைமை மேலும் சிக்கலாகியுள்ளது. தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாகி, 1992இல் தனியார் நிருவாகத்துக்கு மாறின. அதன்பின் துரைமார் பங்களாக்கள் சில, பழைமை பேணும் விடுதிகளாயின. கந்தப்பளையில் ஹெதர்செட் தொழிற்சாலையே விடுதியாகிவிட்டது. பழைமைக்கு விலை உண்டு என்பதை வணிகர் நன்கறிவர். ஆனால் எவருடைய பழைமைக்கு? சென்கிளேயர் நீர்வீழ்ச்சியின் கதை இதற்கு விடை தரும். 2012இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாற்று மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்காகக் கொத்மலை ஓயா தலவாக்கலையில் மறிக்கப்பட்டது. வீழ்ச்சியின் அழகு கெடும் என்ற எதிர்ப்பு வலுக்கவே, பகல்வேளையிற் குறித்த அளவு நீரை விடும் ஏற்பாடு செய்யப்பட்டது. காண்போர் உள்ள நேரத்துக்கு அருவி! அதே திட்டத்தினால் தலவாக்கலையில் இடம்பெயர்ந்து மறுகுடியமர்ந்த குடும்பங்களைப் பற்றி எந்தப் பயணக் கையேடும் ஒரு வரி எழுதியதை நாம் கண்டதில்லை.

இரு காட்சியகங்களை ஒப்பிடுவது பயனுடைத்து. கண்டிக்கு அருகே ஹந்தானையில் 2001இல் திறக்கப்பட்ட தேயிலை நூதனசாலையில், 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரிற் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் சிறப்பிடம் பெறுகின்றார். பழைய இயந்திரங்கள் துலக்கி வைக்கப்பட்டுள்ளன. கம்பளைக்கு அருகே பழைய பீக்கொக் தோட்டத்து லயத்தில் 2007இல் அமைக்கப்பட்ட தோட்டத் தொழிலாளர் காட்சியகத்தில் கொழுந்துக் கூடையும் தொழிலாளர் புழங்கிய பாத்திர பண்டங்களும் உள்ளன. முன்னையதைக் கையேடுகள் தவறாது குறிப்பிடும். பின்னையது தேடிச் செல்வோருக்கே தெரியும். இரண்டையும் ஒரே நாளிற் பார்க்கும் வாசகனே தேயிலையின் வரலாற்றை முழுமையாகப் பார்த்தவனாவான்.

லயங்கள் இடிக்கப்பட்டுத் தனிவீடுகள் எழவேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. காற்றும் ஒளியும் புகாத அறைகளை அழகு கருதிப் பேணுக என்று கூறும் உரிமை எந்தப் பயணிக்கும் இல்லை. ஆனால் ஒரு லயம் மறையும்போது அதன் பெயரும், அதில் எந்தக் கங்காணியின் ஆட்கள் இருந்தனர் என்ற நினைவும், எதிரேயிருந்த பொட்டலில் எக்கூத்து ஆடப்பட்டது என்ற செய்தியும் எழுதிவைக்கப்படாமலே மறைகின்றன. மலையக மக்களின் வருகைக்கு இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. முன்னோர் நடந்த அவ்வழியை மக்கள் தாமே நடந்து காட்டினர். மாத்தளைக்கு அப்பால், லிந்துலை போன்ற இடங்களுக்கு அவர்கள் ஏறிவந்த வழிகள் இன்னும் எழுதப்படவில்லை. எமது பல்கலைக்கழகங்களிற் பயிலும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அவற்றை எழுத நூலகம் தேவையில்லை. விடுமுறையில் வீடு செல்லும்போது, மேற்கணக்கிலிருந்து கீழ்க்கணக்கு வரை ஒவ்வொரு மலைக்கும் லயத்துக்கும் வழங்கும் பெயரை முதியோரிடம் கேட்டுக் குறித்துவருவதிலிருந்து அவ்வேலை தொடங்கலாம்.