லஸ்கருக்கு ஏன் 'அவர்கள்' இல்லை?

ஆங்கிலத்தில் அலுவலகக் கடிதம் எழுதுகிறவர்களுக்குப் பதவிப் பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்குவதா என்பது தீராத குழப்பம். பெயருக்கு முன்னால் வந்தால் பெரிய எழுத்து, பின்னால் வந்தால் சின்ன எழுத்து என்று நடைக்கையேடுகள் பலவும் தீர்த்து வைத்திருக்கின்றன. அந்தத் தொல்லை தமிழில் இல்லை என்கிறார்கள். இருக்கிறது. 'மாண்புமிகு', 'அவர்கள்', அழைப்பிதழின் தடித்த எழுத்து, இவை மூன்றும்தான் நம்முடைய பெரிய எழுத்துகள்.

மரியாதை நம் பண்பாடு என்று இதற்கு வாதாடுகிறார்கள். மரியாதை வேண்டும்தான். பதவியைக் குறித்து எழுதுவதில் பயனும் உண்டு. ஆட்சியர் மாறினாலும் மனு செல்லும். 1967இல் அண்ணாவின் அரசு 'ஸ்ரீ'யை விட்டு 'திரு'வை ஏற்றபோது, பதவி பார்க்காமல் பெயருக்கு முன்னால் போட ஒரு தமிழ்ச் சொல் கிடைத்தது.

ஆனால் இன்றைய வழக்கம் மரியாதையைப் படியளந்து போடுகிறது. கல்லணைத் தண்ணீர் திறப்புச் செய்திக் குறிப்பில் அமைச்சருக்கு அடைமொழியும் 'அவர்கள்'உம், ஆட்சியருக்கு 'அவர்கள்', செயற்பொறியாளருக்கு வெறும் பெயர். மதகை ஏற்றி இறக்கும் லஸ்கர் 'மற்றும் பலர்' என்பதற்குள்ளும் வருவதில்லை. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் ஒவ்வொன்றிலும் எத்தனை கனஅடி என்று தேடும் விவசாயி, இந்த அடைமொழிகளையெல்லாம் தாண்டித்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

நெல் கொள்முதல் நிலையத்தில் இது இன்னும் கொடுமை. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டதா என்று பார்த்து, 40 கிலோ மூட்டைக்குக் கணக்கு எழுதுகிறவர் பட்டியல் எழுத்தர். களத்தில் நெல்லைக் குவித்துவிட்டு வானத்தைப் பார்த்து நிற்கிறவருக்கு அரசு என்றால் அவர்தான். அவரைப் பற்றி அரசுத் தாளில் ஒரு வரி வருவது பெரும்பாலும் பணியிடை நீக்கத்தின்போதுதான். அப்போது அவர் பெயருக்குப் பின்னால் 'அவர்கள்' கிடையாது.

இதைப் பண்பாடு என்கிறவர்கள் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைப் படிக்கட்டும். அங்கும் மன்னனுக்கு மெய்க்கீர்த்தி என்னும் புகழுரை உண்டு, நீளமாகவே உண்டு. அது முடிந்ததும் கல்வெட்டு வேலையாட்களிடம் வருகிறது. கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரும் பெயரோடும் வீட்டோடும் நிற்கிறார்கள். குஞ்சரமல்லன் என்ற தச்சனுக்கு அரசனின் பெயரையே சேர்த்து 'இராஜராஜப் பெருந்தச்சன்' என்று பட்டம். அந்தப் 'பெரு' தொழிலுக்குக் கிடைத்த பெரிய எழுத்து. நாமோ மெய்க்கீர்த்தியை மட்டும் வைத்துக்கொண்டு தச்சனை விட்டுவிட்டோம்.

செய்திக் குறிப்பில் கனஅடியும் தேதியும் முதல் பத்தியில் வரட்டும். அமைச்சருக்கு அடைமொழி ஒருமுறை போதும். கொள்முதல் நிலையப் பலகையில் மண்டல மேலாளரின் பெயர் எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ, அதே அளவில் பட்டியல் எழுத்தரின் பெயரையும் 'திரு' போட்டு எழுத வேண்டும்.