மாலை கழன்ற மறுநாள்

குடிகாரன் தள்ளாடி வருகிறான். மனைவி அழுகிறாள். குழந்தை பசியோடு உறங்குகிறது. கடைசிக் காட்சியிலே அவன் புட்டியை உடைத்து, "இனித் தொடேன்" என்கிறான். கைதட்டல்! திரை விழுகிறது. எத்தனை முறை கண்ட கதை இது! மறுநாள் அந்தியிலே, கூலி வாங்கிய கையோடு, அவன் எந்தத் தெரு வழியே வீடு திரும்பினான்? அதை எழுதிய ஆசிரியர் மிகச் சிலரே.

2025 சனவரியிலே வெளிவந்த 'பாட்டல் ராதா' அந்தச் சிலருள் ஒருவரின் படைப்பு. இயக்கியவர் தினகரன் சிவலிங்கம். குரு சோமசுந்தரம் நடித்த கட்டடத் தொழிலாளியை, மனைவி ஏமாற்றித்தான் மறுவாழ்வு இல்லத்திலே சேர்க்கிறாள். கதை அங்கே முடியவில்லை. வெளியே வந்த பின்னும் குடி அவனைத் துரத்துகிறது. வீழ்ச்சியை மறைக்காததே இப்படத்தின் பெருமை.

ஆனால், "இத்தனைக்குப் பிறகுமா குடிப்பான்? மனவுறுதி அற்றவன்!" என்று சினந்தார் உடன் பார்த்த நண்பர். என் மறுப்பு அந்தத் தீர்ப்பின் மீதுதான்.

குடியை நிறுத்தியதும் எழும் நடுக்கமும் வியர்வையும் சில நாளிலே அடங்கிவிடும். வேட்கையோ மாதக்கணக்கிலே பதுங்கியிருக்கும். பழைய நண்பனைக் கண்டால், சம்பள நாள் வந்தால் தலைதூக்கும். அதைத் தணிக்க மருந்துகள் உண்டு. எனினும் மருந்து மட்டும் போதாது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980இல் சென்னையிலே மருத்துவ நிலையம் கண்டபோது, நோயாளியின் குடும்பத்துக்கும் அங்கே இடம் தந்தார். 1935இல் அமெரிக்காவிலே தோன்றிய 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பினர், குடியை விட்ட பின்னும் தொடர்ந்து கூடிப் பேசுகின்றனர். அவர்கள் நம்பும் 'மேலான சக்தி'யை நாம் ஏற்க வேண்டியதில்லை, கூடுவதை ஏற்கலாமே!

மாமல்லபுரக் கடற்கரைக் குப்பமொன்றிலே என் மாணவன் ஒருவனின் தந்தை வாழ்கிறார். ஆண்டுதோறும் மாலை அணிந்து 48 நாள் ஒரு சொட்டும் தொடமாட்டார். மாலை கழன்ற மறுநாள் பழைய கதைதான். "சாமி காத்தது" என்பர் ஊரார். நாம் நகைப்போம். நகைத்துவிட்டு நகர்வதா பகுத்தறிவு? அந்த 48 நாளும் நடந்ததென்ன? ஊரே அவரைச் 'சாமி' என்றழைத்தது. எவரும் குவளையை நீட்டவில்லை. அந்தியிலே அவருக்கென ஒரு கூட்டம் இருந்தது. அவரைக் காத்தது மணியல்ல, மனிதர்!

அதே மனிதர் சென்ற ஆண்டு ஒரு மாதம் சிகிச்சை பெற்றுத் திரும்பினார். இம்முறை கழுத்திலே மாலை இல்லை. எனவே காவலும் இல்லை. கரையேறியதும் "இன்று மட்டும் வா" என்றனர் தோழர்கள். மூன்றாவது வாரம் வீழ்ந்தார். அவரை மனவுறுதியற்றவர் என்று எழுதிவிட என் பேனா கூசுகிறது. அந்த மூன்று வாரத்திலே ஒருநாள்கூட நான் அவர் வீட்டுப்படி ஏறவில்லை.

2023 மே மாதம் செங்கற்பட்டு மாவட்டச் சித்தாமூர்ப் பகுதியிலும், விழுப்புரம் மாவட்ட எக்கியார்குப்பத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் 20க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. சாவு வீட்டிலே கூடினோம். மீண்டு வந்தவன் வீட்டிலே கூடினோமா?

இளைஞர்காள்! மாலையைப் பழிப்பது எளிது. அது தந்த துணையை மாலையின்றித் தருவதே நம் வேலை. படிப்பகத்திலே அவருக்கோர் இருக்கை போடுவோம். சம்பள நாளிலே உடன் நடப்போம். மீண்டும் வீழ்ந்தால் ஏசாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். நான் நாளை அந்தக் குப்பத்துக்குப் போகிறேன். நீங்கள்?