மழையில் கரையாத பேதம்

1957-இல் சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ வெனிஸ் நகரில் பெற்ற தங்கச் சிங்க விருதை 2001-இல் இரண்டாம் முறையாக இந்தியாவுக்கு ஈட்டித் தந்த மீரா நாயரின் ‘மான்சூன் வெட்டிங்’, தில்லிப் பஞ்சாபிக் குடும்பமொன்றின் கல்யாணத்தோடு அவ்வீட்டு வேலைக்காரப் பெண்ணின் கல்யாணத்தையும் நடத்தி வைப்பதால், வர்க்க பேதத்தைக் கடந்த படைப்பென்று ரசிகர்கள் இன்றளவும் வாதிடுகிறார்கள். அந்த வாதம் தவறானது என்பதே என் நெடுநாளைய அபிப்பிராயம்.

படத்தின் சிறப்புகளை நான் மறுக்கவில்லை. மகளின் கல்யாணத்துக்காகக் கடன் கேட்டுக் கூசி நிற்கும் தகப்பனாக நஸீருத்தீன் ஷா நடித்திருப்பது அபூர்வமான நடிப்பு; குடும்பத்துக்கு உபகாரம் பல செய்த உறவினரே ஆயினும், சிறுமியரிடம் தகாத முறையில் நடந்தவரை அந்தத் தகப்பன் வெளியேறச் சொல்லும் கட்டம் துணிவுள்ளது.

ஆனால் வர்க்கம் என்று வரும்போது அந்தத் துணிவைக் காணோம். வேலைக்காரப் பெண் ஆலிஸ் மணமகளின் நகைகளை எடுத்துத் தன்மேல் வைத்துக் கண்ணாடியில் அழகு பார்க்கிறாள். ஜன்னலுக்கு வெளியே நின்று அதைக் கண்டு, திருடுகிறாள் என்று முடிவு கட்டுகிறவர்கள் பந்தல் போட வந்த தொழிலாளர்கள். நகை இருக்கும் வீட்டில் வேலைக்காரியின் மேல் முதலில் பாயும் சந்தேகம் எஜமானர்களுடையது என்பது நாடறிந்த உண்மையாயிருக்க, அந்தச் சந்தேகத்தின் பாவத்தை அவளைப் போலவே கூலிக்கு உழைப்பவர்கள் தலையில் சுமத்திவிட்டு, வீட்டுக்காரர்களுக்குச் சம்பவமே தெரியாதபடி பார்த்துக்கொள்கிறது கதை. அவமானம் ஏழைகளுக்குள்ளேயே பிறந்து, அவளை விரும்பும் பந்தல்காரர் துபே கேட்கும் மன்னிப்பில், அவர் சாமந்திப் பூவால் அமைத்துக் காட்டும் இதய வடிவத்தில், ஏழைகளுக்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது. எஜமானர் வீடு குற்றத்திலும் பங்கு கொள்ளவில்லை, பிராயச்சித்தத்திலும் பங்கு கொள்ளவில்லை.

துபேயின் வீட்டையும் தாயாரையும் காட்டும் படம், ஆலிஸ் எங்கிருந்து வந்தாள், அவளுக்கு உற்றார் யார், கூலி என்ன என்று ஒரு கணமும் விசாரிப்பதில்லை. நாணமும் மௌனமுமே அவளுக்கு அளிக்கப்பட்ட குணசித்திரம். ஆசையென்று அவளுக்கு ஒன்று இருப்பதை நாம் காண்பது அந்தக் கண்ணாடியின் முன்னால்தான். அதற்கும் உடனே தண்டனை கிடைத்துவிடுகிறது.

முடிவில் கொட்டும் மழையில் மணமக்கள் இரு ஜோடிகளும் ஒரே கூட்டத்தில் ஆடுகிறார்களே, அது சமத்துவமல்லவா என்பார்கள். அழைப்பவர்கள் வீட்டுக்காரர்கள், அழைக்கப்படுகிறவர்கள் வேலைக்காரர்கள் என்ற முறை அந்த ஆட்டத்திலும் மாறவில்லையே! ஓரிரவு ஆடச் சேர்த்துக்கொள்வது தாட்சண்யம்; கொடுப்பவர் விரும்பும்வரை நிலைப்பதே தாட்சண்யத்தின் இயல்பு. அதைச் சமத்துவமென்று கொண்டாடுகிறவர்கள், வேலை வாங்குகிற வர்க்கம் தன்னைப் பற்றிக் கேட்க விரும்பும் நற்சாட்சியையே கலை விமரிசனமாக எழுதித் தருகிறார்கள்.